வளைந்து கொடுக்கும் செங்குழியம்

பள்ளிப் பிள்ளைகளிடம் குருதியின் செங்குழியத்தை வரையச் சொன்னால், ஒரு வட்டம் கீறி நடுவே சற்று நிழலிடுவர். அஃது எப்பொழுதும் அவ்வாறே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். கலைப் பட்டதாரியாகிய எனக்கும் நெடுங்காலம் அவ்வெண்ணமே இருந்தது. ஆனால், அதனை ஊன்றி நோக்கியோருள் முந்தியவர் ஒருவர் அவ்வாறு கருதவில்லை.

அவர் ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துத் துணி வணிகர் அன்ரனி வான் லீவன்ஹுக். பல்கலைக்கழகம் காணாதவர்; தாமே ஆக்கிய வில்லைகளினூடே தம் குருதியைத் தாமே பார்த்தவர். நோயுற்றிருந்த காலத்தில் அக்குருதியின் உருண்டைகள் விறைத்துத் தோன்றின என்றும், உடல் தேறத் தேற அவை மென்மையாயின என்றும் 1675இல் எழுதினார். வளைந்து கொடுத்தாலன்றி மிக நுண்ணிய குழாய்களை அவை கடத்தல் இயலாது என்பது அவர் துணிபு. நோயைப் பற்றிய அனுமானம் எவ்வாறாயினும், வளைதலைப் பற்றிய எண்ணம் பிழைக்கவில்லை.

அவர் உருண்டை என்றதைத் திருத்தியவர் ஆங்கில மருத்துவர் உவில்லியம் ஹியூசன். நீரிற் கலந்தால் செங்குழியம் ஊதி உருண்டுவிடும். குருதியின் தெளிநீரிலே கலந்து பார்த்தால் நாணயம்போல் தட்டையாகத் தோன்றும். இதனை 1773இல் வெளியிட்டார். மறு ஆண்டே, பிணத்தை அறுக்கையில் உண்டான காயம் நஞ்சேறி, 34 வயதில் மாண்டார்.

தட்டையாவது ஏன், இருபுறமும் குழிவது ஏன் என்பதற்கு விடை வர ஏறத்தாழ 200 ஆண்டுகள் சென்றன. மென்சவ்வை வளைப்பதற்கு வேண்டிய சக்தி மிகக் குறைவாகும் வடிவம் இதுவே எனக் கனடா நாட்டுப் பீற்றர் கன்ஹம் 1970இல் கணித்துக் காட்டினார். அச்சவ்வின் உட்புறத்தே வலைபோற் படர்ந்துள்ள ஸ்பெக்ற்றின் என்னும் புரதம் 1968இலேயே இனங்காணப்பட்டிருந்தது. நீண்ட சவ்வு கிழியாது மீள்வதற்கு அவ்வலையே துணை.

செங்குழியத்தின் விட்டம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 7 அல்லது 8 பங்கு. அது நுழையும் மயிர்க்குழாய்கள் பல அதனினும் ஒடுங்கியவை. மண்ணீரலின் பிளவுகளோ ஏறக்குறைய ஒரு பங்கே. தன் 120 நாள் வாழ்விலே அவ்வழிகளில் மீண்டும் மீண்டும் புகுந்து, நசுங்கி, நீண்டு, பழைய வடிவுக்குத் திரும்புகிறது.

வளையாத குழியத்தின் கதி யாது? 1910இல் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், அரிவாள் வடிவான செங்குழியங்களை விவரித்தார். பிழை ஈமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ளதென 1949இல் லைனஸ் போலிங்கும் உடனுழைத்தோரும் காட்டினர். ஒட்சிசனை இழந்ததும் அம்மூலக்கூறுகள் கோல்கோலாக இணைந்து மென்சவ்வை உள்ளிருந்தே உந்துகின்றன. விறைத்த குழியங்கள் நுண்குழாய்களை அடைக்க, நோயாளி பொறுக்கவொண்ணா நோவுறுகிறார். பன்முறை அரிவாளாகி மீண்ட குழியங்களுட் சிலவற்றின் மென்சவ்வு, பின்னர் ஒட்சிசன் கிடைத்தாலும் பழைய வட்டத்தை அடைவதில்லை.