இருண்ட படமும் இளைத்த வலையும்

வரலாறு என்பது அரசர்கள் செய்த போர்களின் தொகுப்பு மட்டுமன்று. மனிதன் தன் கண்ணுக்குத் துணையாக ஆக்கிக்கொண்ட கருவிகளுக்கும் வரலாறு உண்டு. இன்று கைப்பேசியில் எடுத்த மங்கலான படம் நொடிப்பொழுதில் துலக்கம் பெறுகிறது. அவ்வேலையைச் செய்வது நரம்பு வலை என்னும் கணக்கு முறையாகும். அது எங்ஙனம் பிறந்தது, எங்ஙனம் பெருத்தது, பின்னர் ஏன் இளைக்க வேண்டியதாயிற்று என்பவற்றை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் வாழும் நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர், மூன்று திங்கள் நிரம்பிய தம் மகனின் நிழற்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். படத்தைக் குறுக்கே 176, நெடுக்கே 176 எனக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக மாற்றினார். மொத்தம் 30,976 புள்ளிகள். இவ்வாறு படம் எண்களின் அட்டவணை ஆயிற்று. எண்ணாகிவிட்டதைக் கூட்டலாம், பெருக்கலாம், திருத்தலாம் அல்லவா? 1964ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரேஞ்சர் 7 என்னும் விண்கலம் நிலவின் படங்களை 4,300க்கு மேல் அனுப்பியபோது, அவற்றின் குறைகளைக் கணிப்பொறி கொண்டு திருத்தினர். ஆயினும், இன்ன குறையை இன்னவாறு நீக்குக என்னும் விதியை மனிதனே எழுதித் தர வேண்டியிருந்தது.

விதியைத் தானே கற்கும் பொறி உண்டா? உண்டு என்று 1958இல் காட்ட முயன்றவர் ஃபிராங்க் ரோசன்பிளாட். அவர் அதற்குப் பெர்செப்ட்ரான் என்று பெயரிட்டார். நரம்பு வலையின் அடிப்படை மிக எளியது. மாணவன் ஒரு கணக்கைப் போடுகிறான். ஆசிரியர் சரியான விடையைக் காட்டுகிறார். எவ்வளவு பிழைத்தோம் என்று பார்த்து மாணவன் தன் வழியைச் சிறிது மாற்றிக்கொள்கிறான். நரம்பு வலையும் அத்தகையதே. மங்கிய படமும் அதன் தெளிவான படமும் இணையிணையாக ஆயிரக்கணக்கில் அதற்குக் காட்டப்படும். ஒவ்வொரு முறையும் அது தன் உள்ளேயுள்ள எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். அவ்வெண்களை எடைகள் என்பர்.

எடைகள் மிகுந்தால் வலை பெருக்கும். 2012இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் படங்களை இனம் பிரிக்க உருவாக்கிய அலெக்ஸ்நெட் என்னும் வலையில் ஏறத்தாழ 6 கோடி எடைகள் இருந்தன. அதன் வெற்றியைக் கண்ட உலகம் பெரியதே சிறந்தது என்று எண்ணியது. ஆனால் 2014இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவினர், மூன்றே அடுக்குகள் கொண்ட ஒரு வலையால் சிறிய படத்தைப் பெரிதாகவும் தெளிவாகவும் ஆக்கிக் காட்டினர். அதன் எளிய வடிவில் எடைகள் சுமார் 8,000 மட்டுமே. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம்மவர் பழமொழி.

வலையை இளைக்க வைக்கும் வழிகளுள் ஒன்றை உங்கள் பள்ளிக் கணக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வலையின் ஓர் அடுக்கு 32 படத்தாள்களைப் பெற்று 64 படத்தாள்களைத் தருகிறது எனக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் அதனைச் சூழ்ந்த 3க்கு 3 கட்டத்தை நோக்க வேண்டும். வேண்டிய எடைகள் 9 × 32 × 64, அதாவது 18,432. இவ்வேலையை இரண்டாகப் பகுத்து, முதலில் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே நோக்கினால் 9 × 32, அதாவது 288. பிறகு தாள்களை ஒன்றோடொன்று கலந்தால் 32 × 64, அதாவது 2,048. இரண்டும் சேர்ந்து 2,336. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! 2017இல் கூகுள் நிறுவனத்தார் வெளியிட்ட மொபைல்நெட் இம்முறையினாலேயே கைப்பேசிக்குள் அடங்கியது.

இத்துறையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது சென்னை ஐ.ஐ.டி. அங்கே மோகித் லம்பா, கௌசிக் மித்ரா ஆகிய இருவர், மிக இருண்ட படங்களை மீட்கும் வலை ஒன்றை 2021இல் வெளியிட்டனர். படத்தைச் சிறிய அளவுகளாக மடித்துப் பெரும்பாலான கணக்கை அங்கேயே முடிப்பதும், இடைப்பட்ட அளவுகளை இயன்ற மட்டும் தவிர்ப்பதும் அவர்கள் கண்ட உத்தி. எவ்வளவு ஒளி கூட்ட வேண்டும் என்பதையும் இருண்ட படத்தைக் கொண்டே அது மதிப்பிடும். ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை, தனிச் சிறப்புக் கருவி ஏதுமின்றிச் சாதாரணச் செயலியிலேயே ஒரு நொடியில் மீட்கலாம் என அவர்கள் காட்டினர்.

சிறுமையில் இத்தனை அக்கறை ஏன் என்று கேட்பீர்கள். நெய்வேலியில் வாழ்பவனுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். பெரிய வலைக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். நிலக்கரியினின்று மின்சாரம் எடுக்க எங்கள் ஊரில் அதன்மேலுள்ள மண்ணைப் பன்மடங்கு அகற்ற வேண்டும். அடியிலுள்ள நீரின் அழுத்தம் குறைய, இடைவிடாது நீரை இறைக்க வேண்டும். சுரங்கத்துக்காகச் சிற்றூர் மக்கள் தம் வயலையும் வீட்டையும் விட்டு அகன்றனர். ஆதலின் கணக்கிலே செய்யும் சிக்கனம், மண்ணிலே செய்யும் சிக்கனமாகும். மேலும், வலை சிறியதாயின் விலையுயர்ந்த கருவி இல்லாத சிற்றூர்ப் பள்ளியும் அதனைப் பயன்படுத்தலாம்.

இனி, வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். நிலம் தந்து பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றில், பழைய ஊரின் நினைவாக மங்கிப்போன படம் ஒன்றிரண்டே எஞ்சியிருக்கக் கண்டிருக்கிறேன். அவற்றை வலையிடம் கொடுத்தால் கண்ணும் மூக்கும் பளிச்சென்று தோன்றும். ஆனால் அவை பாட்டனாரின் கண்ணும் மூக்கும் தாமா? அழிந்துபோன புள்ளியை வலை அறியாது. தான் முன்பு கண்ட படங்களைக் கொண்டு ஊகிக்கிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு கருவியிடம், முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் தந்தது! படம் தெளிவாக இருந்தது, உண்மைதான் இல்லை. பெரிய வலையாயினும் சிறிய வலையாயினும் இக்குறை உண்டு.

ஆகவே மாணவர்களே, பழைய படத்தைத் திருத்துங்கால் மூன்று கடமைகளை மறவாதீர். மூலப்படத்தை அழிக்காமல் காத்து வையுங்கள். திருத்திய படத்தின் கீழ், இது கணிப்பொறியால் திருத்தப்பட்டது என்று எழுதுங்கள். ஐயம் எழுந்தால், படத்தில் உள்ளவரை அறிந்த முதியோர் இருக்கும்போதே அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலை படத்துக்கு ஒளி தரும். அப்படத்துக்குச் சான்று பகர மனிதர்களே வேண்டும்.