கடல்வழியும் கட்டுச்சோறும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவைக்கு எம்மக்கள் இட்ட பெயர் 'பாதை' என்பதாகும். மட்டக்களப்பு வாவியிலும் சங்குப்பிட்டித் துறையிலும் இதே பெயரே வழங்கிவந்தது. நிலத்திற் கிடக்கும் தெருவுக்குரிய சொல்லை நீரில் ஊர்ந்து செல்லும் மிதவைக்கு மக்கள் வழங்கியமை தற்செயலன்று. நெடுங்காலமாக அவர்களுக்கு நீரே பாதையாக இருந்தது என்ற வரலாற்றுண்மை அச்சொல்லிற் பொதிந்து கிடக்கிறது.

இன்று யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஒருவர், 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுகிறார். அவர் கையிற் சோற்றுமூட்டை இல்லை. காற்றின் திசைபற்றிய கவலையும் இல்லை. அதே வேளையில் விருந்துகளிலே 'எமது பாரம்பரிய உணவு' என்ற பெயரில் ஒடியற்கூழ் பரிமாறப்படுகிறது. பழைய பயணங்களும் பழைய உணவுகளும் இனிய கனவுகளாக எழுதப்படுகின்றன. அக்கனவை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆயின் அந்தத் தோணியைச் செலுத்தியவர் யார், அந்த ஒடியலைக் காயவைத்தவர் யார், வழியிலிருந்த மடத்தில் அமர இடமின்றிப் போனவர் யார் என்ற கேள்விகளை விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறு அரை வரலாறேயாகும்.

முதலிற் கடல்வழியை நோக்குவோம். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, கொழும்புத்துறை என வடகரையின் ஊர்ப்பெயர்களே துறைகளின் வரிசையாக அமைந்திருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே பொறிப்பித்த தமிழ்ச் சாசனம் இத்துறைகளின் பழைமைக்குச் சான்று பகர்கின்றது. ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் பாதுகாக்கப்பட வேண்டும் என அது விதிக்கிறது. யானைகளையும் குதிரைகளையும் ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின், நான்கில் ஒரு பங்கு அரசுக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன; வேறு சரக்கு ஏற்றிவந்த கலம் உடையுமாயின், சரிபாதி அரசுக்குச் சேரும். பின்வந்த போர்த்துக்கேயர் அத்துறையை 'யானைகளின் இறங்குதுறை' எனத் தம் மொழியில் அழைத்தனர். கேற்ஸ் என்னும் பெயர் அதன் எச்சமே. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழமற்ற நீரில் இறங்கிக் குடாநாட்டுக்குள் வந்த இடம் ஆனையிறவு ஆயிற்று. யானைக்குச் சாசனமும் உண்டு, ஊர்ப்பெயரும் உண்டு. அவற்றைச் சுமந்த கலத்திலே பாய் கட்டியவனுக்கு இரண்டும் இல்லை.

மன்னரும் கம்பனிகளும் எழுதிவைத்த இப்பெருவணிகத்தின் அருகிலே, எழுதப்படாத சிறு பயணங்கள் நாள்தோறும் நடந்தன. பூநகரி நெல் வள்ளங்களில் ஏறிக் கொழும்புத்துறையை அடைந்தது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் போய் வந்தன. அவற்றுள் ஒன்றான 'அன்னபூரணி', அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வேறு பெயர் சூட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அக்கப்பலைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றிற் போராடிய தோணிக்காரரைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

பிரித்தானியர் கல்லிட்ட தெருக்களை அமைத்தார்களே என ஒருவர் கேட்கலாம். அமைத்தார்கள். ஆயின் அத்தெருக்கள் யாருடைய தேவைக்காக, எத்திசை நோக்கி அமைந்தன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்ற தெரு, முதலில் படைக்கும் பின்னர் கோப்பிக்கும் உதவிற்று. தோட்டங்கள் பெருகிய மலைநாட்டை நோக்கியே தெருக்களும் பெருகின. தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பாளரோ தென்னிந்தியக் கரையிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மாண்டவர் எண்ணற்றோர். கோப்பி மூட்டைக்குத் தெரு கிடைத்தது. கோப்பி பறிக்க வந்தவருக்கு ஒற்றையடிப் பாதையே கிடைத்தது. கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான புகையிரதப் பாதை முழுமையுற்றது 1905ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னரும் தீவுகளிலும் நீரேரிக் கரைகளிலும் வாழ்ந்தோர் தோணியையே நம்பியிருந்தனர்.

தோணிப் பயணத்துக்கு மணிக்கூடு கிடையாது. சோளகம் வீசும் மாதங்களில் ஒரு கணக்கு. வாடை வீசும் மாதங்களில் வேறொரு கணக்கு. காலையிற் புறப்பட்டவர் மாலையிற் சேரலாம். காற்று விழுந்துவிட்டால் இரவு முழுவதும் நீரிலேயே கிடக்கலாம். ஆகவே பயணிக்கு வேண்டிய உணவு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது: கெட்டுப்போகலாகாது, தீ மூட்ட வேண்டியிராதிருத்தல் வேண்டும், சிறிய பொதியில் அடங்குதல் வேண்டும். எமது பயண உணவுகளைப் பிறப்பித்தவை இந்நிபந்தனைகளே.

வாட்டிய வாழையிலையிற் பொதிந்த புளிச்சோறும், செத்தல் மிளகாயையும் தேங்காயையும் வறுத்து இடித்த சம்பலும், ஒரு துண்டுக் கருவாடும் ஒரு நாளைக்குத் தாங்கும். அதற்கு மேற்பட்ட நாட்களுக்குப் பனைதான் துணை. பனம்பழக் களியைப் பாயிற் பரப்பி, வெயிலிற் காய்ந்ததும் அதன்மேல் மீண்டும் களி ஊற்றி, பல நாள் உழைப்பிற் பெறுவது பனாட்டு. மழை தொடங்குங்காற் பாத்தியிற் புதைத்த பனங்கொட்டை, தை மாதமளவிற் கிழங்காகும். அதனைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் ஒரு குட்டான் பனங்கட்டியும் மடியில் இருந்தால், காற்று விழுந்த தோணியிலும் பட்டினி இல்லை.

இவ்வுணவுகளின் பின்னால் நிற்பவர் யாவர்? உயிரைப் பணயம் வைத்துப் பனையேறிக் கருப்பநீர் இறக்கியவர். பனம்பழம் பொறுக்கிக் களி பிசைந்த பெண்கள். வெயிலிற் கிழங்கு கிழித்த கிழவிமார். மீனைக் கருவாடாக்கிய கடற்கரைக் குடும்பங்கள். சமுதாயம் தாழ்த்தி வைத்தோரின் கைகளிலேயே பயணியின் உணவு பெரிதும் உருவாயிற்று. ஆயின் அந்தப் பயணி வழியில் இளைப்பாறிய மடம் அவர்களை எவ்வாறு நடத்தியது?

மடங்களும் கேணிகளும் சுமைதாங்கிகளும் ஆவுரோஞ்சிக் கற்களும் எமது பண்பாட்டின் பெருமைகளென நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைக் காணும் எவரும் அதன் நிழலின் அருமையை உணர்வர். மாடு உரோஞ்சுவதற்கும் கல் நட்ட சமுதாயம் அது. அதே சமுதாயத்தில், தாழ்த்தப்பட்ட மனிதர் மடத்துத் திண்ணையிற் சமமாக அமரவும் கிணற்றிற் கைவைத்து நீரள்ளவும் இயலவில்லை. மாட்டுக்குக் கிடைத்த இரக்கம் மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மாணவருக்குக் கற்பித்தாலன்றி எமது பாடம் நிறைவுறாது.

தார்த்தெரு வந்தது, பேருந்து வந்தது, மடத்தின் இடத்தைத் தேநீர்க்கடை பிடித்தது. கட்டுச்சோறு மறையத் தொடங்கிற்று. ஆயினும் தெருவை மூடிய தார் சாதியை மூடவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னரும், பல தேநீர்க்கடைகளிலே தாழ்த்தப்பட்டோருக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலுமே தேநீர் கிடைத்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அந்நிலையை அசைத்தன. தெரு தானாகச் சமத்துவத்தைக் கொண்டுவருவதில்லை. அதில் நடந்த மக்களே கொண்டுவந்தார்கள்.

'பாரம்பரியம்' என்ற சொல்லையும் சற்று நிதானித்து ஆளுதல் நன்று. ஒடியற்கூழுக்குக் காரம் தரும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. போர்த்துக்கேயர் காலத்திற் கடல்வழி வந்தது. கூழில் இடும் மரவள்ளியும் அக்கண்டத்திலிருந்தே வந்தது. அதனை இங்கு கொணர்ந்தவர் ஒல்லாந்தர். அவை எமது அடுப்பில் எமதாகின. ஒடியலோ பலருக்கு விருந்தன்று. நெல் இல்லாக் காலத்து உயிர்காப்பு. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குச் சென்று இரங்கூன் அரிசி நின்றபோது, மரவள்ளியும் பனங்கிழங்கும் பசியைத் தணித்தன. பசி எழுதிய சமையற் குறிப்பையே இன்று நாம் சுவையெனக் கொண்டாடுகிறோம்.

பழைய கடல்வழி அண்மையில் ஒருமுறை மீண்டும் திறந்தது. அது கனவாக அன்று, கொடுமையாகவே திறந்தது. 1990 யூன் மாதம் போர் மறுபடி மூண்டபின் ஆனையிறவு வழி அடைபட்டது. பொருளாதாரத் தடை குடாநாட்டை நெரித்தது. மண்ணெண்ணெய் அரும்பொருளாகி, ஜாம் போத்தல் விளக்கே வீட்டு வெளிச்சமாயிற்று. வெளியே செல்லவேண்டிய நோயாளரும் மாணவரும் வணிகரும் கிளாலியில் இரவுக்காகக் காத்திருந்து, சிறு படகுகளில் இருளோடு இருளாக நீரேரியைக் கடந்தனர். 1993ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நீரிலே பயணிகள் கொல்லப்பட்டனர். அது முதலாவதும் அன்று, இறுதியானதும் அன்று. எமது தலைமுறையினரிற் பலர் அக்கடலைத் தாயின் மடியிலிருந்தபடி கடந்தவர்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னரும் பல்லாயிரவர் வன்னிக்குச் சென்றது அவ்வழியாலேயே.

வரைபடம் கைவிட்ட நீர்வழியை அந்நாட்களிற் காப்பாற்றி வைத்திருந்தவர் யார்? எவ்விடத்தில் நீர் ஆழம், எவ்விடத்தில் மேடு, எக்காற்றிற் படகு சரியும் என்பதைத் தந்தையிடமிருந்து கற்ற கடற்றொழிலாளரே. அரிசி அரிதான வீடுகளிற் பனையைப் பயன்படுத்தத் தெரிந்திருந்த பெண்களும் அவ்வாறே. நவீன உலகு பயனற்றதென ஒதுக்கிய அறிவு, அந்த உலகு எம்மைக் கைவிட்ட வேளையில் உயிர் காத்தது.

ஆதலால் பாலங்கள் வேண்டாமென்றோ தெருக்கள் வேண்டாமென்றோ நாம் கூறவில்லை. பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணுக்குக் காற்றை நம்பிய தோணியைவிடப் பாலம் ஆயிரம் மடங்கு மேலானது. நாம் வேண்டுவது வேறு. கிளாலியிற் படகோட்டியவருக்கு இப்பொழுது முதுமை வந்துவிட்டது. பாயிற் பனாட்டு ஊற்றிய மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆசிரியரும் மாணவரும் அவர்களது முற்றத்துக்குச் சென்று, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குச் சென்றீர்கள், எத்தனை நாள் சென்றது, மூட்டையில் என்ன இருந்தது, யார் உங்களுக்குத் தண்ணீர் தந்தார்கள், யார் மறுத்தார்கள் என்று கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். யானையின் பங்கை நயினாதீவுக் கல் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து நிற்கிறது. இம்மனிதரின் பங்கை எழுத எமக்குக் கல்லும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும்.