வராத விருந்தாளிகள்



திருமண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஓர் இடம் வையுங்கள், இதோ வருகிறேன்" என்று பலர் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டாரும் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். சொல்லி அனுப்பியவை எல்லாம் பொய்ப் பெயர்கள் என்றால் என்ன ஆகும்? இலைகள் வெறுமையாகக் கிடக்கும். உண்மையான உறவினர்கள் பசியோடு வாசலில் நிற்பார்கள்.

1996ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் இதுதான் நடந்தது. அங்கே பந்தி நடத்தியது 'பானிக்ஸ்' என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் கணினிகள். கேட்டவர்க்கு மின்னஞ்சலையும் இணையப் பக்கங்களையும் எடுத்துக் கொடுக்கும் இத்தகைய கணினியை 'செர்வர்' என்பார்கள்.

1981இல் வெளியான டி.சி.பி. விதிமுறைப்படி, இரு கணினிகள் உரையாடுமுன் மூன்று செய்திகள் பரிமாறப்பட வேண்டும். ஒன்று "வரலாமா?" என்று கேட்கும். செர்வர் அதற்கென ஓர் இடம் ஒதுக்கி, "வாருங்கள்" என்று பதில் அனுப்பும். "வந்துவிட்டேன்" என்ற மூன்றாம் செய்தி கிடைத்ததும் வேலை தொடங்கும். அது வராவிட்டால், அக்காலக் கணினிகள் பலவற்றில் 75 வினாடி வரை அந்த இடம் வீணே காத்திருக்கும். இடங்களோ மிகச் சில. பொய் முகவரிகளிலிருந்து ஓயாமல் "வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாலே போதும், எல்லா இடமும் நிரம்பிவிடும். செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கிய இத்தகைய தாக்குதலால் பானிக்ஸ் வாடிக்கையாளர்கள் பல நாட்கள் தவித்தார்கள்.

நேயர்களே, இந்தக் குறை அன்றுதான் தெரியவந்தது என்று எண்ணாதீர்கள். பில் செஸ்விக், ஸ்டீவ் பெல்லோவின் என்ற இரு வல்லுநர்கள் 1994லேயே இதைக் கண்டறிந்தார்கள். தங்கள் நூலில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதி, பின்னர் அதை நீக்கிவிட்டார்கள். மருந்தில்லாத நோயை ஊரறியச் சொல்லத் தயங்குவது மனித இயல்புதான். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் மருந்தும் பிறக்கவில்லை. 1996இல் இரு இதழ்கள் தாக்கும் வழியையே வெளியிட்டன.

துன்பம் வெளிப்பட்ட பின்னரே பலரும் கூடி யோசித்தார்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன், எரிக் ஷெங்க் ஆகியோர் சில வாரங்களிலேயே ஓர் எளிய வழியின் நுணுக்கங்களை வகுத்தார்கள். இலையை முதலில் போடாதே. சொன்ன முகவரிக்கு ஓர் இரகசியச் சீட்டை அனுப்பு. சீட்டோடு வருபவருக்கு மட்டும் இலை போடு. இதுவே அந்த வழி. சீட்டு என்பது செர்வர் தானே கணக்கிட்டு அனுப்பும் ஓர் எண். பொய் முகவரி சொன்னவன் கைக்கு அது போய்ச் சேராது. செர்வரும் அவனுக்காக இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கூரையின் ஓட்டையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் மழை பெய்யாமல் விடுமா? உங்கள் பிள்ளை ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால், "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். மருந்து தேடும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.