இலங்கைத் தமிழர் மரபணுத் தரவும் அதன் அறவியலும்

ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தில் இடம்பெற்ற 26 மக்கள் குழுக்களில் இலங்கைத் தமிழரும் ஒன்று. 2008இல் தொடங்கி 2015இல் நிறைவுற்ற இத்திட்டத்தின் இறுதித் தொகுப்பிலுள்ள 2,504 பேரில் 102 பேர் இலங்கைத் தமிழர். ஆனால் அவர்களின் மாதிரிகள் பெறப்பட்டது யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ அல்ல, பிரித்தானியாவில். போர் சிதறடித்த சமூகம் புலம்பெயர்ந்த மண்ணிலேயே அறிவியலில் பதிவானது.

கொடையாளரின் பெயர் எங்கும் இல்லை. எச்.ஜி. எனத் தொடங்கும் ஓர் எண், ஆணா பெண்ணா என்ற விபரம், குழுவின் பெயர், இவ்வளவுதான். நோய் விபரங்கள் சேர்க்கப்படவில்லை. தரவை எவரும் இணையத்திலிருந்து தரவிறக்கலாம்.

பெயரை நீக்கினால் போதுமா? 2013இல் வெளியான ஆய்வொன்று, வை குரோமோசோம் தகவலைக் குடும்பப் பெயர்ப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலக் கொடையாளர் குடும்பங்களில் ஏறத்தாழ 50 பேரை அடையாளம் கண்டது. குடும்பப் பெயரின் இடத்தில் தந்தை பெயர் வந்து தலைமுறைதோறும் மாறும் தமிழரிடம் அந்த வழி எளிதல்ல. எனினும் சொந்தத்துக்குள் மணமுடிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களில் ஒருவரின் மரபணு அவருடைய மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சகோதரர் எல்லோரைப் பற்றியும் பேசிவிடும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் இனி மாதிரி சேகரிப்போர் கையொப்பம் இடுபவருக்கு மட்டுமன்றி, அவர் குடும்பத்துக்கும் தமிழில் விளக்கமளிக்க வேண்டும். கிடைக்கும் பயனும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் நோயாளர் வரை வந்துசேர வேண்டும்.