பல் டாக்டர் பதிவேட்டின் இரண்டு பாகங்கள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் வரைக்கும் ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பாருங்க. வழி நெடுக பல் கிளினிக் போர்டு கண்ணில் படும். பெயருக்குக் கீழே பி.டி.எஸ்., சிலருக்கு எம்.டி.எஸ்., அதுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு பதிவு எண். பட்டத்தைப் படிக்கிற நாம அந்த எண்ணைப் படிக்கிறதில்லை. ஆனா அவர் நம்ம வாயில் கை வைக்கலாம்னு சட்டம் அனுமதி கொடுப்பது பட்டத்தால் மட்டும் இல்லை, அந்த எண்ணால். அந்த எண் எப்படி வந்தது, அது எதை உறுதி செய்யுது, எதைச் செய்யலைன்னு இந்தப் பகுதியில் பேசலாம்.

சட்டம் வருவதற்கு முன்

நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தா என்ன செய்வார்? முதலில் கிராம்பு. அடங்கலைன்னா ஊரில் முடி திருத்துகிறவரிடம் போவார். தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரே உண்டு. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, பிரசவம் பார்ப்பது என்று அந்தக் குடும்பங்களின் ஆண்களும் பெண்களும் செய்த வேலைகளில் பல் பிடுங்குவதும் ஒன்று. சந்தை நாளில் இடுக்கியோடு வந்து உட்காருகிற ஆட்களும் இருந்தார்கள்.

நகரத்தில் கதை வேறு. சென்னையிலும் கொல்கத்தாவிலும் சீனாவின் ஹூபேய் மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல் கட்டும் தொழில் செய்தன. அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட கைத்தொழில் அது. கல்லூரிச் சான்றிதழ் கிடையாது, ஆனா கை சுத்தம்னு பேர் இருந்தது. பணக்காரர்களுக்கு வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சில டாக்டர்கள் இருந்தார்கள்.

இந்தியாவில் முறையான பல் மருத்துவக் கல்வி கொல்கத்தாவில் தொடங்கியது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார். முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா கொல்கத்தாவில் பல் மருத்துவம் படித்து, 1923-ல் பம்பாயில் கிளினிக் திறந்தவர். பிறகு 1933-ல் பம்பாயில் நாயர் கல்லூரி, அடுத்த வருஷம் லாகூரில் ஒன்று. சென்னை மாகாணத்துக்குள் எதுவும் இல்லை. சட்டம் வந்தபோது நம்ம பக்கம் நிலைமை இதுதான்: பல் வலி எல்லா ஊரிலும் இருந்தது, படித்த பல் டாக்டர் ஒரு சில ஊரில்தான் இருந்தார்.

லண்டனில் எடுத்த பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்தது இல்லை. இங்கிலாந்தில் 1878-ல் ஒரு பல் மருத்துவர் சட்டம் வந்தது. அது பட்டப்பெயரை மட்டுமே காத்தது. பதிவு செய்யாதவர் தன்னை டெண்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனா அந்தச் சொல்லைப் போடாமல் கடை வைத்துப் பல் பிடுங்கினால் சட்டம் அவரை ஒண்ணும் செய்ய முடியாது. நாற்பது வருஷத்துக்கும் மேல் அப்படியே ஓடியது.

1921-ல் வந்த சட்டம் தொழிலையே மூடியது. பதிவு இல்லாமல் பல் வைத்தியம் செய்வதே குற்றம். ஆனா ஏற்கெனவே கடை வைத்திருக்கிற ஆயிரக்கணக்கானவர்களை என்ன செய்வது? முந்தைய ஏழு வருஷத்தில் ஐந்து வருஷம் தொழில் செய்தவர்களையும் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். படிக்காதவரை வெளியே தள்ளாமல், உள்ளே எடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

இந்தியாவில் முதலில் இப்படி ஒரு சட்டம் போட்டது வங்காளம், 1939-ல். அதுக்குப் பின்னாலும் ரஃபியுதீன் அகமது இருந்தார். நாடு முழுக்கப் பொருந்தும் சட்டம் சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் வந்தது: பல் மருத்துவர்கள் சட்டம், 1948. அதன்படி 1949 ஏப்ரல் 12-ஆம் தேதி இந்திய பல் மருத்துவ கவுன்சில் அமைந்தது. கல்லூரிகளையும் பாடத்திட்டத்தையும் பார்ப்பது மத்திய கவுன்சில். ஆட்களின் பெயரை எழுதுவதும் நீக்குவதும் மாநில கவுன்சில். நமக்கு அது தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில்.

ஏ பாகம், பி பாகம்

இந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பதிவேட்டை இரண்டாகப் பிரிக்கிற இடம். ஏ பாகத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்பு படித்தவர்கள். பி பாகத்தில் படிக்காதவர்கள். ஆமாம், அரசாங்கப் பதிவேட்டிலேயே படிப்பு இல்லாதவர்களுக்கு ஒரு பாகம். முதல் பதிவேடு தயாரிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் மூன்று பேர் கொண்ட ஒரு தீர்ப்பாயம். விண்ணப்பங்களைப் பரிசீலித்து, யார் பெயரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது அவர்கள் வேலை.

அதைவிட ஆச்சரியம் மாநில கவுன்சிலின் அமைப்பு. ஏ பாகத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். பி பாகத்தில் இருப்பவர்களுக்கும் அதே நான்கு. இவர்களோடு கல்லூரித் தலைவர்கள், மருத்துவ கவுன்சில் தேர்ந்தெடுத்த ஒருவர், அரசு நியமிக்கும் மூவர் உள்ளிட்டோர். பரம்பரைக் கைத்தொழில்காரரும் வெளிநாட்டுப் பட்டதாரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொழிலின் ஒழுங்கைத் தீர்மானிக்கலாம் என்று 1948-ல் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பெருந்தன்மைன்னு மட்டும் நினைக்க வேண்டாம். பி பாகத்தை விட்டுட்டா பல ஊர்களில் சட்டப்படி பல் பார்க்க ஆளே இருக்காது. அதுதான் காரணம்.

ஆனா பி பாகத்தில் நுழைய ஒரு நிபந்தனை இருந்தது. குறைந்தது ஐந்து வருஷம் பல் வைத்தியம் செய்திருக்க வேண்டும், அதுவும் பிரதான வாழ்வாதாரமாக. இந்த ‘பிரதான வாழ்வாதாரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. பாரிமுனைப் பக்கம் கடை போட்டுப் பல் மட்டுமே பார்த்தவருக்கு இது சுலபம். கடை இருக்கு, போர்டு இருக்கு, சாட்சி சொல்ல வாடிக்கையாளர் இருக்கார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முடி வெட்டிக்கொண்டு, வருஷத்துக்கு நாற்பது பல் பிடுங்கினவர் என்ன சொல்வார்? அவருக்குப் பல் பிரதான வாழ்வாதாரம் இல்லையே. அவர் பி பாகத்துக்குள் வர முடியாது. அதாவது, சட்டம் படிக்காதவரை ஏற்றுக்கொண்டது. ஆனா அவர் கடைக்காரராக இருந்தால் மட்டும். கிராமத்தோடு கூடவே இருந்தவர் வெளியே நின்றார்.

வலி வந்தா யார் பிடுங்கலாம்?

அந்தக் கிராமத்தாரைச் சட்டம் முழுசா மறந்துவிட்டதா? இல்லை. 49-ஆம் பிரிவைப் பாருங்க. பதிவு இல்லாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, சில விலக்குகளைக் கொடுக்கிறது. பதிவு பெற்ற பொது மருத்துவர் செய்யலாம். பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவமனைகளில் நடக்கும் வேலைக்கு விலக்கு உண்டு. இன்னொன்று: அவசரமான நிலையில், பதிவு பெற்ற பல் மருத்துவர் கிடைக்காதபோது, யார் வேண்டுமானாலும் பல்லைப் பிடுங்கலாம். ஒரே நிபந்தனை, மயக்க மருந்தோ மரத்துப்போகும் மருந்தோ கொடுக்கக் கூடாது.

முதலில் படிக்கும்போது கொடூரமா தோணும். மரத்துப்போகாமல் பிடுங்கு என்று ஒரு சட்டமா? ஆனா அந்தக் காலத்து மாமல்லபுரக் கடற்கரையை நினைத்துப் பாருங்க. ஈ.சி.ஆர். கிடையாது. மாமல்லபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஒரு மீனவருக்குப் பல் வீங்கினால், செங்கல்பட்டு வரைக்கும் 30 கிலோமீட்டர் மாட்டுவண்டியிலோ பஸ்ஸிலோ வந்து, அங்கேயிருந்து சென்னைக்கு ரயில் பிடிக்கணும். இல்லைன்னா பக்கிங்காம் கால்வாயில் படகு. ராத்திரி வலிக்கு அது பதில் இல்லை. ஊசி தெரியாதவர் கையில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஊசியைத் தடுத்துவிட்டு இடுக்கியை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். டாக்டர் இல்லாத ஊர் இருக்குன்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

மீறினவருக்குத் தண்டனை என்ன? முதல் முறை அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவும் மாநில அரசோ மாநில கவுன்சிலோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும்.

அகதிகளுக்குத் திறந்த கதவு

சாத்திய கதவு பிறகும் திறந்தது. இந்திய–பாகிஸ்தான் பிரிவினையில் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காகச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1972-ல் வந்த திருத்தம் தமிழர்களுக்கு நெருக்கமானது. பர்மா, இலங்கை, உகாண்டா போன்ற நாடுகளில் கலவரத்தாலோ அதன் பயத்தாலோ திரும்பி வந்த இந்திய வம்சாவளியினரையும் அது கணக்கில் எடுத்தது. ரங்கூனில் பல் கடை வைத்திருந்து, எல்லாத்தையும் விட்டுட்டுச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினவருக்குக் கையில் மிச்சம் இருந்தது தொழில் மட்டும்தான். அவரிடம் சான்றிதழ் கேட்டால் எங்கே போவார்? பதிவேடு என்பது வெறும் தரக் கட்டுப்பாடு இல்லை, யாருக்குப் பிழைக்க வழி உண்டு என்கிற முடிவும்தான் என்று இந்த இடத்தில் நல்லாத் தெரியுது.

ஒரு கல்லூரியிலிருந்து ஒரு மாவட்டம் முழுக்க

சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு 1953 ஆகஸ்டில் தொடங்கியது. அதுதான் பின்னாளில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆனது. படித்தவர்கள் வரவர, ஏ பாகம் வளர்ந்தது. புது ஆட்கள் சேராததால் பி பாகம் வயதாகிக் கரைந்தது.

இன்றைக்கு நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே பொத்தேரி, மேல்மருவத்தூர், ரத்தினமங்கலம், கேளம்பாக்கம் என்று பல இடங்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள். மாமல்லபுரத்துக்காரர் பல் டாக்டரைத் தேடி ரயில் ஏற வேண்டியதில்லை. ‘டாக்டர் கிடைக்காதபோது’ என்ற அந்த விலக்குக்கு இந்தக் கடற்கரையில் இடமே இல்லாமல் போயிருக்கணும். தூரம் குறைஞ்சிருக்கு, சரி. ஆனா செலவு? வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் ஆகிற தொகையைக் கேட்டுட்டு, பிடுங்கிப் போடுங்கன்னு சொல்கிற தினக்கூலிக்காரருக்கு டாக்டர் பக்கத்தில் இருந்தும் கிடைக்காத மாதிரிதான். போலிகள் பிழைப்பது அந்த இடைவெளியில்.

எண் சொல்லாத விஷயம்

பதிவேடு ஆளைப் பார்க்கும். படித்தாரா, புதுப்பித்தாரா, தொழிலுக்கு இழுக்கான நடத்தை உண்டா என்று கேட்கும். குற்றம் நிரூபணமானால், அவர் பதிலைக் கேட்டுவிட்டுப் பெயரை நீக்கும். ஆனா கருவி கொதித்ததா, தண்ணீர் சுத்தமா என்று தினமும் வந்து பார்க்காது.

அதுக்கு என்ன விலை என்று தெரிய, நம்ம மாவட்டத்தை விட்டுக் கொஞ்சம் மேற்கே, திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடிக்குப் போகணும். 2022-23-ல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிலருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் அரசுப் பொதுச் சுகாதாரத் துறையும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து தேடியபோது, 21 நோயாளிகளில் 10 பேருக்கு ஒரே பல் கிளினிக்கோடு தொடர்பு இருந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்தார்கள். ஒரு முறை திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதுதான் காரணமாகத் தெரிந்தது. 2025-ல் இந்த ஆய்வு வெளியானது. பல் வலிக்குப் போனவர்கள் ஒரு பாட்டிலால் இறந்திருக்கிறார்கள்.

இடத்தைக் கண்காணிக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் அந்தச் சட்டம் 1997-ல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். இடையில் 21 வருஷம். அதன்படி பல் கிளினிக்கும் மாவட்ட அளவில் பதிவு செய்யணும். ஆக, டாக்டருக்கு ஒரு பதிவு, கிளினிக்குக்கு இன்னொரு பதிவு. இரண்டும் வேறவேற.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் இது. மத்திய கவுன்சில் இடத்தில் ஆணையம், படிப்பு முடிக்கும்போது நாடு முழுக்க ஒரே தேர்வு, தேசியப் பதிவேடு என்று பல மாற்றங்களை அது எழுதியிருக்கிறது. ஏ பாகம், பி பாகம் கதை வரலாறாக முடிகிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். 1948-ல் சட்டம் எழுதினவங்க, டாக்டர் இல்லாத ஊரை மனசில் வைத்து எழுதினாங்க. இன்றைய கேள்வி, டாக்டர் இருக்கிற ஊரில் கருவியை யார் சோதிப்பது, ஏழைக்குச் செலவை யார் தாங்குவது என்பது. பழைய பதிவேட்டில் அதுக்குப் பதில் இல்லை. புதுச் சட்டத்திலும் அது தானா வந்துடாது.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது போர்டில் அந்த எண்ணைப் பாருங்க. கூடவே, கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் எங்கே, கருவிகளை எப்படிச் சுத்தம் செய்றீங்க என்று இரண்டு கேள்வி கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். அடுத்த பகுதியில் சந்திப்போம்.