நிகண்டும் அகராதியும் எஸ்.கியூ.எல்.லும்

"எஸ்.கியூ.எல். படிக்கப் புத்தகம் என்னத்துக்கு? எல்லாம் யூடியூப்பில கிடக்குத்தானே" எண்டு இப்ப கனபேர் கேட்கினம். பாதி சரி. மற்றப் பாதியை விளங்க, யாழ்ப்பாணத்தின் உசாத்துணை நூல்களின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனச் சொற்கள் பொருள்வாரியாகச் செய்யுளில் அடுக்கப்பட்டிருக்கும். பாட்டு நினைவில் இருந்தால் சொல் உடனே வரும். இல்லாவிட்டால் தேடுவது கஷ்டம்.

1842இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் யாழ்ப்பாண அகராதி வெளிவந்தது. தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர். சுமார் 58,500 சொற்கள், அகரவரிசையில். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) காட்டிய வழிதான். ஆனால் இப்போது எழுத்து வரிசை தெரிந்த யாரும் மனப்பாடம் இல்லாமலே சொல்லைத் தேடலாம். 1902இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் இதே வசதியைப் புராண, இலக்கியப் பெயர்களுக்கும் கொண்டுவந்தது.

கணினியிலும் இப்படியொரு திருப்பம் நடந்தது. தரவு எங்கே, எப்படிக் கிடக்குது எண்டு தெரிந்தால்தான் முதலில் அதை எடுக்க முடியும். 1970இல் எட்கர் காட் தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் முறையை முன்வைத்தார். 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கொரு வினவல் மொழியை வெளியிட்டார்கள். என்ன வேணும் எண்டு மட்டும் சொன்னால் போதும். அதுதான் இன்றைய எஸ்.கியூ.எல்.

இங்கேதான் உசாத்துணை நூல் தேவைப்படுது. பழைய யாழ்ப்பாணப் பதிப்புகளின் பட்டியல் ஒன்று உங்களிடம் இருக்கு எண்டு வையுங்கோ. முகப்புத்தாள் கிழிந்த நூல்களுக்கு ஆண்டு தெரியாது. அந்த இடம் 'நல்', அதாவது வெறுமை. "1900க்கு முந்தியவை" எண்டு கேட்டால் அந்த நூல்கள் வராது. "1900க்கு முந்தியவை அல்லாதவை" எண்டு கேட்டாலும் வராது! "ஆண்டு = நல்" எண்டு கேட்டால் ஒன்றுமே வராது. 'இஸ் நல்' எண்டுதான் கேட்க வேணும். பிழைச்செய்தி எதுவும் வராதபடியால், பிழை நடந்ததே தெரியாது. தெரியாத பிழையை யூடியூப்பில் எப்படித் தேடுறது? உசாத்துணை நூலில் ஒப்பீட்டுக் குறிகளின் பக்கத்தைப் புரட்டினால், நீங்கள் கேட்காமலே இந்த விதி கண்ணில் படும்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை. ஏற்கெனவே 1981இல் நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களை இழந்த ஊர் இது. மிஞ்சினதையும் பிழையான ஒரு கேள்வியால் கணக்கில் இல்லாமல் ஆக்கக்கூடாது.

அகராதியை 'அ'விலிருந்து வாசித்து யாரும் தமிழ் படிக்கவில்லை. எஸ்.கியூ.எல்.லும் அப்படித்தான். அடிப்படையை வீடியோவிலோ நண்பரிடமோ படியுங்கோ. பிறகு வாற விடையை நம்பமுதல், ஒருக்கா உசாத்துணை நூலைத் திறந்து பாருங்கோ.