நந்தனார்: கீர்த்தனையும் பேசும்படமும்

ஒரே பெயரைத் தாங்கி வரும் இசையும் படமும் ஒரே கதையைத்தான் கூறும் என்று கொள்வது நம்மவரில் பலர்க்கு இயல்பாயிருக்கிறது. நந்தனார் என்ற மாத்திரத்தில், ஆண்டையின்முன் கைகட்டி நின்று தில்லைக்கு விடை வேண்டும் பண்ணையாள் ஒருவரே நம் கண்முன் தோன்றுகிறார். அப்பண்ணையாளைப் பெரியபுராணத்தில் தேடுவோர் ஏமாந்தே போவர்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் ஆண்டை என்று ஒருவன் இல்லவே இல்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அப்பெரியார், பறைத்தொழிலுக்கென்று ஊரில் விடப்பட்ட நிலத்தின் விளைவைக் கொண்டு வாழ்ந்தார். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துவந்தார். தில்லை காணும் வேட்கை எழும்போதெல்லாம் தம் குலத்தை எண்ணித் தாமே தயங்கி, நாளை, நாளை என்று நாள் கடத்தினார். அப்பெயர் வந்த காரணமும் அதுவே. தடுத்தது வெளியாள் அன்று. பிறப்பிழிவு என்று உலகம் கற்பித்ததை அவரே நெஞ்சில் ஏற்றுக்கொண்டிருந்த கொடுமைதான்.

இக்கதையைத் தலைகீழாகத் திருப்பியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் மாயவரத்தை அடுத்த ஆனைதாண்டவபுரத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர். காவிரிப் பாசன நிலங்களில் அடிமைப்பட்ட ஆட்களின் நிலையைக் கண்ணாரக் கண்டவர் என்பதற்கு அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே சான்று. 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய அந்நூலில்தான் வேதியராகிய நிலக்கிழார் முதன்முதல் வருகிறார். சேக்கிழார் கூறிய 'நாளை' நந்தனாருடையது. பாரதியார் கூறும் 'நாளை'யோ ஆண்டையினுடையது. 40 வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறான் ஆண்டை. ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அந்தணர் ஒருவரே அந்தணராகிய ஆண்டையை இவ்வளவு கொடியவராக எழுதியது அக்காலத்துக்குச் சிறிய துணிவன்று.

புலவர் உலகம் இந்நூலை எளிதில் ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளைக் கண்டு, சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பின்னர்ப் பாட்டின் உருக்கம் அவரையும் இசைய வைத்தது. இலக்கணம் அறியாத பாமரரோ எவர் இசைவுக்கும் காத்திருக்கவில்லை. கதாகாலட்சேபத்திலும் நாடக மேடையிலும் அக்கீர்த்தனைகள் ஊர் ஊராய்ப் பரவின.

பேசும்படம் எடுத்தோரும் பாரதியார் வழியையே பின்பற்றினர். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனாரில் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக வந்தார். 1942-இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் எடுத்த நந்தனாரை முருகதாசா இயக்கினார். அதில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும், செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். புராணத்தில் இல்லாத அவ்வேதியர் இல்லாமல் படமே எடுக்க இயலாது என்னும்படி ஆகிவிட்டது! தேசிகரின் குரலை நாமும் விரும்பிக் கேட்பவரே. அதனை மறைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. கீர்த்தனையில் 40 வேலி வேலையும் ஓர் இரவில் இறைவன் அருளால் முடிந்துவிடுகிறது. அவ்வற்புதத்தைக் கண்ட பிறகே ஆண்டை நந்தனாரின் காலில் விழுகிறான். அற்புதம் நிகழாத பண்ணைகளில் ஆட்கள் யாது செய்வது? பாட்டில் அதற்கு விடையில்லை. தில்லையில் நந்தனார் தீயிற் புகுந்து, முனிவர் வடிவாய் முப்புரிநூலோடு எழுந்த பின்னரே சந்நிதி சேர்ந்தார் என்பது சேக்கிழார் வாக்கு. ஆண்டையைப் புதிதாகப் படைக்கத் துணிந்த பாரதியார் அந்தத் தீயை மட்டும் அவ்விடத்திலேயே விட்டுவைத்தார்.

ஜெமினியின் படம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1939 ஜூலை 8-இல், வைத்தியநாதையர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அவர்கள் எந்தத் தீயிலும் குளிக்கவில்லை. வாயில் வழியே நடந்து சென்றனர்.